கப்புகள் பின்தொடர்ந்த ஊரில் ஒரு காதுகுத்து

நீங்கள் டீ குடித்துவிட்டுக் கசக்கி எறிந்த பேப்பர் கப்பு ஒரு நாளாவது உங்கள் பின்னாலேயே நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் ஒன்றும் வருத்தப்படாதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது. எங்கள் கள்ளிச்செவலுக்கு அது ஒரு சந்தை நாளன்று வந்தது. என் வீட்டுக்காரர் இருளப்பன், குருசாமி கடையில் டீ குடித்துவிட்டு, எப்போதும்போலக் கப்பைக் கசக்கி ஓடைக்குள் வீசிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, நொண்டி விளையாடுகிற பிள்ளை மாதிரி தத்தித் தத்தி அந்தக் கப்பும் வந்தது. நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“யாரைக் கூட்டிட்டு வாரீக?” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கப்பு நின்றது. அவர் ஒரு எட்டு எடுத்து வைத்தார். கப்பும் ஒரு தத்து தத்தியது.

“நம்ம குடிச்சதுதான்” என்றார். “வந்தா வரட்டும். சோறா கேக்கப் போகுது?”

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க வந்துவிட்டது. அன்றைக்குப் போட்டது மட்டும் இல்லை, என்றைக்கோ போட்டு மறந்ததும் வந்தது: கண்மாய்க்கரையிலிருந்து தண்ணீர் பாட்டில்கள் உருண்டு வந்தன, வேலிக்கருவை முள்ளில் கிழிந்து தொங்கிய கேரி பைகள் காற்றை வயிற்றில் அடக்கிக்கொண்டு இறங்கி வந்தன, ஷாம்பு பாக்கெட்டுகள் சருகுபோல ஊர்ந்து வந்தன, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்திருந்த பிளாஸ்டிக் இலைகள் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்தன, வந்ததெல்லாம் கூட்டத்துக்குள் புகுந்து, பேர் கேட்காமல், அடையாளம் கேட்காமல், தன்னில் வாய் வைத்தவரை, கை வைத்தவரை, கையைத் துடைத்தவரைக் கண்டுபிடித்து அவர் பின்னால் போய் வரிசையாக நின்றது. யாரையும் கடிக்கவில்லை, இடிக்கவில்லை. வீட்டுக்குள் நுழையவில்லை. நாம் உள்ளே போனால் வாசலில் காத்திருந்தது, வெளியே வந்தால் கூட வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கொல்லை வேலிக்குள்ளிருந்து, என் மகள் தர்ஷிகா பிறந்த நாள் முதல் மாட்டிக் கழற்றிய டயப்பர்கள் அத்தனையும், வயிறு நிறைந்த வாத்துகள் மாதிரி ஆடி ஆடி வந்தன. யார் பின்னால் போவது என்று அவற்றுக்கே கொஞ்ச நேரம் குழப்பம். நனைத்தது அவள், வீசியது நான். பிறகு என்ன நினைத்தனவோ, என் பின்னால் வந்து நின்றுகொண்டன. அடுத்த வீட்டுச் சுவருக்கு மேலே என் வீட்டுக்காரரின் அக்கா சுப்புத்தாய் மதினியின் தலை தெரிந்தது.

“ஏத்தா கனி, எப்ப இருந்து வாத்து மேய்க்க?”

“உங்க பின்னாடி பாருங்க மதினி, வெத்தலைப் பாக்கு பாக்கெட்டு ஊர்கோலம் வருது.”

மதினி பின்னால் பார்த்தாள். பல்வலிக்காகப் பாக்கு போடுவதை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். தலை சுவருக்குக் கீழே இறங்கிவிட்டது.

அப்படித்தான் முதலில் ஊருக்கு வெட்கம் வந்தது. குடியை விட்டு வருசமாச்சு என்று சத்தியம் செய்திருந்தவர்கள் பின்னால் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் தள்ளாடித் தள்ளாடி வந்தன. வாத்தியார் பின்னால் மிட்டாய்க் காகிதம் வந்தது. மருமகளுக்குத் தெரியாமல் பிரியாணி வாங்கித் தின்ற மாமியார் பின்னால் டப்பா வந்தது. ஆனால் வெட்கம் என்பது எல்லாருக்கும் சேர்ந்து வந்தால் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஒரு மாதத்தில் அது பெருமையாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். கேக் டப்பாவும் ஐஸ்கிரீம் கிண்ணமும் வந்தால் வசதியான இடம், ஊறுகாய்ப் பாக்கெட் மட்டும் வந்தால் யோசிக்க வேண்டிய இடம். பின்னால் ஒன்றுமே வராத ஒருத்தனை, இவன் என்னத்தை அனுபவித்தான் என்று வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. வாத்துகளைக் கூட்டிக்கொண்டே ரேஷனுக்குப் போனேன், கண்மாய்க்குப் போனேன். கப்பு வந்த மறுநாளே வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளைக் கிழித்து முக்கோணம் முக்கோணமாக வெட்டித் தர்ஷிகாவுக்குக் கட்டிவிட்டேன். எண்ணெய்க்குத் தூக்குவாளி, கறிக்குச் சட்டி, பலசரக்குக்குத் துணிப்பை, தலைக்குச் சீயக்காய் என்று மாற்றிக்கொண்டேன். புதுசு சேராது, பழசு போகாது, அதுதான் அதன் கணக்கு. எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. பங்குனியில் தர்ஷிகாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால், குலசாமி கோவிலுக்குள்ளே பலகை போட்டு, அதில் தாய்மாமன் உட்கார்ந்து, அவன் மடியில் பிள்ளையை வைத்தால்தான் ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பார். மாமன் மடியில் குத்தாத காது காதே இல்லை, வெறும் ஓட்டை என்பார்கள். எனக்குக் கூடப்பிறந்தது ஒரே அண்ணன், செந்தட்டி. அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். பள்ளிக்கூடத்தை விட்டதும் லாரியில் கிளீனராகப் போனவன், இப்போது வடக்கே லோடு ஓட்டுகிறான். நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்த அன்றைக்கே, எந்த ஸ்டேட்டில் கிடந்தாலும் காதுகுத்துக்கு வந்து உட்காருவேன், என் மடியைத் தவிர எவன் மடியிலும் வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்தவன். அவனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, அங்கயும் பின்னாடி வருதா?”

“வருதாவா? கண்ணாடியில பாத்தா ரோடே தெரியலை கனி. மத்த ஊர்க்காரனுக்கு ஒண்ணும் வரலை, நம்ம ஊர்க்காரனுக்கு மட்டும் வருது. செக்போஸ்ட்ல நிறுத்தி, இது என்ன லோடுன்னு கேக்கான். என்னத்தெச் சொல்ல, நான் தின்னதும் குடிச்சதும்யான்னேன்.”

“இனிமேலாவது டம்ளர் வச்சுக்கோண்ணே.”

“வாங்கிட்டேன் தாயி. கேபின்ல தொங்குது. தட்டு, கரண்டி, தண்ணிக்கேன் எல்லாம் இருக்கு. புதுசா ஒண்ணும் சேரலை. பழசுதான், கிளீனரா இருந்த காலத்துல குடிச்சதெல்லாம் வருது.”

இப்படி நாங்கள் பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான் கோவிலில் அந்தச் சங்கதி நடந்தது. எங்கள் குலசாமி ஒத்தப்பனை அய்யனாருக்கு இருப்பது ஒரு சின்னக் கல்கட்டடம். வெள்ளிக்கிழமை பூசைக்கு ஊர் உள்ளே போனது, ஊர் பின்னால் வந்ததும் உள்ளே போனது. வீட்டுக்குள் நுழையாதது கோவிலுக்குள் ஏன் நுழைந்தது என்று கேட்காதீர்கள், பொது இடம் என்று அதற்கும் தெரிந்திருக்கும். சாமியின் மூக்குவரை கேரி பை ஏறிவிட்டது. ஒரு பை விளக்கில் பட்டு உருகிச் சொட்டிய நாற்றத்தில் பூசாரி சோலையப்பன் இருமிக்கொண்டே வெளியே வந்து, “சாமிக்கு மூச்சு முட்டுது” என்றார். அன்று மாலையே கூட்டம் போட்டு, பின்னால் ஒன்று வந்தாலும் கோவில் படி ஏறக்கூடாது என்று முடிவானது. அந்தத் தீர்மானத்தை எழுந்து நின்று சொன்னவர் பிரசிடெண்ட் தனுஷ்கோடி.

தனுஷ்கோடி எனக்குப் பெரியப்பா மகன். முறைக்கு அண்ணன். சுற்று வட்டாரத்துக்கே பேப்பர் கப்பு, பிளாஸ்டிக் இலை, தண்ணீர் பாக்கெட், கேரி பை எல்லாம் அவர் ஏஜென்சியிலிருந்துதான் வரும். ஆனால் அவர் பின்னால் ஒரு ஊக்குகூட வந்ததில்லை. ஏனென்றால் அவர் காப்பி குடிப்பது வெள்ளி டம்ளரில், சாப்பிடுவது வாழை இலையில், அவர் வீட்டுக்குத் தண்ணீர் வருவது சொந்தக் கிணற்றிலிருந்து. கப்பில் குடித்தால் மெழுகு வயிற்றுக்குள் போகும் என்று பிள்ளைகளைத் தொடவே விடமாட்டார். ஊர் அவருடைய வெறும் முதுகைப் பார்த்தது. “எம்புட்டுச் சுத்தமான மனுசன் பாரு” என்றது. அடுத்த வெள்ளிக்கிழமை முதல் விபூதி அவருக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் ஊரில் ஆளுக்கு ஒரு டம்ளர் இடுப்பில் தொங்க ஆரம்பித்தது. குருசாமி பரணில் போட்டிருந்த கண்ணாடி கிளாஸ்களை இறக்கிக் கழுவினார். எவர்சில்வர் டம்ளர், பித்தளை டம்ளர், பேர் வெட்டிய டம்ளர், மூடி போட்ட டம்ளர் என்று டவுனுக்குப் போய் வாங்கினார்கள். ஒவ்வொரு டம்ளரையும் கடைக்காரன் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தான். உறையைக் கிழித்து பஸ் ஸ்டாண்டில் எறிந்துவிட்டு வந்தார்கள். உறைகள் அடுத்த பஸ்ஸின் பின்னால் ஊருக்கு வந்து சேர்ந்தன. ஆனாலும் மெதுவாகப் பழக்கம் மாறிற்று என்றுதான் சொல்ல வேண்டும். பழக்கம் மாறியவர்களும் கோவிலுக்குள் போக முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. புதுசு சேராது, பழசு போகாது.

பழசு போவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தது என் மகள். தவழ்கிற வயசில் பிள்ளைகள் கீழே கிடக்கிற எதை விட்டுவைக்கும்? வாத்தியார் எங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அவர் பின்னால் நின்ற ஒரு கப்பைத் தர்ஷிகா எட்டிப் பிடித்துக் கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். வாத்தியார் போனார். கப்பு போகவில்லை. அவள் தவழ்ந்தால் தவழ்ந்தது, அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்தது. நான் அதை எடுத்தேன், அது என் வாத்துகளோடு வாத்தாகச் சேர்ந்துகொண்டது. கையில் யார் வாங்குகிறார்களோ அவர்கள் பின்னால் போகும். இவ்வளவுதான் விசயம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், மதினியிடம் சொல்லிவிட்டேன். மதினியிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி.

மறுநாளிலிருந்து எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கை நீட்டி எதையும் வாங்கவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்தால் சீட்டில் வையுங்கள் என்றார்கள். கோவில் வாசலில் விபூதியை நெற்றியிலேயே பூசச் சொன்னார்கள். கைகொடுக்க வந்தவன் உள்ளங்கையில் சாக்லேட் காகிதம் இருந்தது என்று இரண்டு பங்காளிகள் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். தனுஷ்கோடி அண்ணன் எங்கே போனாலும் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்துக் கும்பிட்டபடியே நின்றார், கும்பிட்டபடியே நடந்தார், யாரும் எதையும் கையில் திணித்துவிட முடியாதபடி. “பதவி வந்தும் பணிவு போகலை பாரு” என்று அதற்கும் ஒரு பேர் வந்தது. தெருக் கூட்டுகிற இசக்கியம்மாள் பின்னால் அதற்குள் ஒரு மலையே சேர்ந்திருந்தது. அவளை முன்பும் கோவிலுக்குள் யாரும் விட்டதில்லை என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு பெத்தணன் வந்தார். உரத்துக்காகப் புஞ்சைகளில் ஆட்டுக்கிடை போடுகிறவர், சீக்கு வந்து ஆடெல்லாம் செத்து, கம்பை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த மனிதர். ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் நெல்லும் கம்புமாகக் கொடுத்துத் தங்கள் கப்புகளை அவர் கையில் ஒப்படைத்தார்கள். அவர் காலையில் பத்திக்கொண்டு போனார், சாயங்காலம் பட்டியில் அடைத்தார், இருந்த பழக்கத்தில் நாக்கை மடித்து ட்ரூ ட்ரூ என்று குரல் கொடுத்தார். கிடை என்று ஒன்று இருந்தால் கரிசல்காட்டுக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரரே முதலில் போய், “சின்னையா, நம்ம தெக்குப் புஞ்சையில கிடை போடுங்க” என்று கேட்டார்.

“ஏங்க, அது புழுக்கை போடாதுங்க” என்றேன்.

“உனக்கென்ன தெரியும்? ஒரு வாரம் உக்காந்து எந்திரிச்சா நிலத்துக்கு எதாச்சும் ஒண்ணு சேராமலா போகும்?”

சேர்ந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுந்த இடத்தில், பால் ஆடை மாதிரி ஒரு தோல் சேர்ந்தது. மழை பெய்தது, தண்ணீர் கீழே இறங்காமல் தோலுக்கு மேலே நின்று வானத்தைக் காட்டியது. நாற்றங்கால் போட்டதுபோல இருக்கிறது என்று நான் சொன்னதற்கு அவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு யாரும் கிடை கேட்கவில்லை, நெல்லும் கொடுக்கவில்லை. பெத்தணன் தன் மந்தையைப் பத்திக்கொண்டு மேற்கே போய்விட்டார். என்னைப்போல ஒப்படைக்காமல் தாமதித்தவர்களுக்கு அந்த வழி அடைந்துபோயிற்று. ஒப்படைத்துவிட்டுக் கோவில் படியேறியவர்கள் பின்னாலும், அடுத்த கல்யாண வீட்டில் கைகழுவுவதற்குள் புதுசாக நாலு சேர்ந்துவிட்டது.

காதுகுத்துக்கு முந்தின வாரம் தனுஷ்கோடி அண்ணன் கும்பிட்டபடியே எங்கள் வீட்டுக்கு வந்தார். தேர்தல் வரப்போகிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

“கனி, செந்தட்டியால உள்ள வர முடியாது. சாமி கட்டளை, நான் என்ன செய்ய? அதுக்காகப் பிள்ளைக் காரியம் நிக்கலாமா? நான் யாரு, உன் அண்ணன்தானே. என் மடியில வை. சீரு நான் செய்யுதேன், ஊரே பாக்கட்டும்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். புஞ்சையில் தண்ணீருக்குப் போர் போடுவதற்குப் பிரசிடெண்ட் கையெழுத்து வேண்டியிருந்தது.

“மச்சான் சொல்றதும் சரிதான கனி” என்றார். “முறைக்கு அண்ணன்தானே.”

சுவருக்கு மேலே தலை வந்தது. “யாரு, இவுகளா?” என்றாள் மதினி. “ஏலே இருளப்பா, உசுரோட ஒரு தாய்மாமன் இருக்கையில பங்காளி மடியில வச்சுக் குத்துவியா? உனக்குக் குத்தும்போது எங்க மாமன் கையில கட்டுப் போட்டுட்டு வந்து உக்காந்தாரே, மறந்துட்டியா? பிரசிடெண்ட் மடி என்ன, பொதுக்குழாயா?”

“அக்கா, நீ சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கேன். பாக்கு மென்னுக்கிட்டு.”

தனுஷ்கோடி அண்ணன் சிரித்தார். “செந்தட்டி சுத்தமா வந்தா நான் ஒதுங்கிக்கிடுதேன். நான் என்ன, வேண்டாம்னா சொல்லுதேன்?” என்று கும்பிட்டார். அவன் சுத்தமாக வர முடியாது என்பது தெரிந்துதான் அதையும் சொன்னார்.

காதுகுத்து அன்று காலையில் ஊர் எல்லைப் பாலத்திலிருந்து போன் வந்தது. லாரியை அங்கேயே நிறுத்திவிட்டு அண்ணன் நிற்கிறான். நான் தர்ஷிகாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். மதினியும் பின்னாலேயே வந்தாள். பாலத்தில் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, குளித்து, தட்டில் பழமும் பூவும் குட்டிக் கம்மலுமாக நின்றான். அவன் பின்னால் ரோடு முடிகிற இடம் தெரியவில்லை. கப்பு, கப்பு, கப்பு. பரோட்டா கட்டிய பை, சால்னா கட்டிய பை, குஸ்கா டப்பா, தண்ணீர் பாட்டில். தெலுங்கு எழுதியது, கன்னடம் எழுதியது, இந்தி எழுதியது, எந்த மொழி என்றே தெரியாதது. அவன் தூங்காமல் விழித்த ஊரெல்லாம், நின்று தின்ன நேரமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தின்ற ஊரெல்லாம் வரிசையாக வந்து நின்றிருந்தது. எங்கள் ஊருக்கு வந்த சிமெண்டும் வெங்காயமும் தனுஷ்கோடி அண்ணன் கடைக்கு வந்த கப்பு மூட்டையும்கூட அப்படி ஓட்டி வந்ததுதான்.

“பிள்ளையக் கொண்டா, மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்” என்றான். “தட்ட நீயே கொண்டு போ. தனுஷ்கோடி உக்காரட்டும். எனக்கு ஒண்ணும் இல்லை.”

தர்ஷிகாவை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கம்மலை அவள் காதருகே பிடித்துப் பார்த்தான்.

“குடுண்ணே” என்றேன்.

“எதை?”

“பின்னாடி நிக்கதை. ஒரு கை குடு.”

“கிறுக்குப் பிடிச்சிருக்கா? என் எச்சிலை உன் தலையில கட்டிட்டு நான் படியேறவா?”

“அம்மா இல்லாத வீட்டுல உன் எச்சித் தட்டைக் கழுவுனது யாரு? இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?” அவன் கொடுக்கவில்லை. நானே போய் ஒரு அள்ளு அள்ளினேன். அவை என் வாத்துகளுக்குப் பின்னால் போய் நின்றன. கடலில் ஒரு செம்பு எடுத்த மாதிரி இருந்தது.

மதினி இடுப்பில் கைவைத்து அந்த ரோட்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஊருக்குள் திரும்பிப் போனாள். திரும்பி வந்தபோது விருந்துக்கு வந்த சனம் பாதி அவளோடு வந்தது.

“என்னத்தெச் சொல்லிக் கூட்டிட்டு வந்தீக?” என்று கேட்டேன்.

“உள்ள போயி என்ன செய்யப் போறீக, கெடா வெட்டிச் சோறு போடுறது வெளியிலதானேன்னு கேட்டேன்” என்றாள். “யோசிச்சுப் பாத்தாக. சரிதான்னாக.”

அதுதான் நடந்தது, அதற்கு மேல் ஒரு பெரிய காரணமும் இல்லை. ஏற்கெனவே பின்னால் பத்துப் பதினைந்து வருகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வந்தால் என்ன, படி ஏறப் போவதும் இல்லை, பசியும் எடுத்துவிட்டது. ஆளுக்கு ஒரு கை வாங்கினார்கள். வாத்தியார் இந்தி எழுதியதாகப் பொறுக்கி எடுத்தார். குருசாமி கண்ணாடி கிளாஸைத் தோளில் தொங்கவிட்டபடியே டீக் கப்பாகப் பார்த்து வாங்கி, “இது நம்ம டீ மாதிரி இருக்காது” என்று சொல்லிக்கொண்டார். குடியை விட்டவர்கள் பாட்டில்களை வாங்கினார்கள், கை பழக்கம். கோவிலுக்குள் போயே தீர வேண்டும் என்று நினைத்தவர்கள் மட்டும் ஓரமாக நின்றார்கள். அவர்களிலும் இலை போட்டாயிற்று என்று சத்தம் கேட்டதும் சிலர் மனசு மாறினார்கள். இசக்கியம்மாளும் முந்தானையை ஏந்திக்கொண்டு வந்தாள்.

“எனக்கென்ன தாயி, மலையில ஒரு கல்லு கூடுனா தெரியவா போகுது?”

“நீ வாங்குனது போதும்க்கா” என்றேன். “இன்னைக்குச் சாப்பிட மட்டும் வா. முதப் பந்தியில உக்காரு.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒவ்வொருத்தர் வாங்கும்போதும் “வேண்டாம் சித்தப்பா, வேண்டாம் அத்தை” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் பின்னால் முதலில் பாலம் தெரிந்தது, பிறகு லாரி தெரிந்தது, பிறகு அவன் நிழல் மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கடைசியாக வந்தார். என்னைப் பார்க்காமலே ஒரு பரோட்டாப் பையை வாங்கிக்கொண்டு, “போர் பெறகு போட்டுக்கிடலாம்” என்றார்.

அப்படியே எல்லாரும் கோவிலுக்குப் போனோம். முன்னால் வெறும் முதுகோடு செந்தட்டி, அவன் கையில் சீர்த்தட்டு, பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால் ஊர் முழுக்கத் தின்று குடித்தது. இவ்வளவு பெரிய சீர்வரிசை எங்கள் பக்கத்தில் யாருக்கும் வந்ததில்லை என்று மதினி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கோவிலுக்குள் பூசாரியும் ஆசாரியும் இருந்தார்கள். நடுப்பலகையில், பட்டு வேட்டி கட்டி, புதுத் துண்டு போட்டு, மடியை விரித்து வைத்துக்கொண்டு தனுஷ்கோடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் குவிந்திருந்தன. போட்டோ எடுக்க ஆளும் வந்திருந்தான்.

செந்தட்டி படி ஏறி வாசலுக்கு உள்ளே போய் நின்றான். பூசாரி அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் பார்த்தார். ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு, “நல்ல நேரம் முடியப் போகுது, யாரு மடி?” என்றார். பிரசிடெண்டை எழுந்திருக்கச் சொல்கிற வாய் எங்கள் ஊரில் இன்னும் முளைக்கவில்லை. அவரும் செந்தட்டியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார், பலகையை விட்டு அசையவில்லை. “உக்காந்தவன் எந்திரிச்சா சாமி குத்தம்லா” என்றார் மெதுவாக. வெளியே ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணன் ஒரு எட்டு பின்னால் எடுத்து வைக்கப் போனான், எனக்குத் தெரிந்தது.

நான் வாசல்படிக்கு வெளியே நின்றேன். அதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை, என் பின்னால் அவ்வளவு நின்றது. பலகை வாசலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. என் இடுப்பில் தர்ஷிகா நெளிந்துகொண்டிருந்தாள். குனிந்து என் காலடியிலிருந்து ஒரு கப்பை எடுத்தேன். வாய் மடங்கிய, அடியில் காய்ந்த டீ ஒட்டிய சின்னக் கப்பு. முகத்தில் ஒரு குங்குமச் சிரிப்பு வைத்துக்கொண்டு, விசேச வீட்டில் பெண்கள் எதையும் யாரிடமும் நீட்டுகிற மாதிரி, அதைப் படிக்கு அந்தப்பக்கம், தனுஷ்கோடி அண்ணனின் குவிந்த கைகளுக்கு நேரே நீட்டினேன். போட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான்.

“அண்ணே, பிள்ளைய மாமன் மடியில வைக்க எனக்கு ரெண்டு கையும் வேணும்” என்றேன். “இதை ஒரு நிமிசம் பிடிச்சுக்கிடுங்களேன்.”